டுங்கிக்காரரின் வெட்டுக்கத்தி

அந்தமானின் பாராடாங் தீவு அலையாத்திக் காட்டில் எங்கள் எம்.எஸ்ஸி. ஆய்வுக்கு டுங்கிப் படகு ஓட்டியவர் மொட்டைத் தலை, காளைக் கழுத்துக்காரர். சும்மா இருக்கும்போதெல்லாம் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

இறால் குஞ்சு பிடிக்கும் வலை தண்ணீரோடு போய்விடக்கூடாதென்று, அதன் கயிற்றை என் மணிக்கட்டில் இறுகக் கட்டியிருந்தேன். திடீரென்று ஒரு முதலை வலையைக் கவ்வி இழுத்தது. படகு விளிம்பில் நெஞ்சு மோதி, என் தலை தண்ணீருக்குள் போனது. "பாகல் ஹோ க்யா! பைத்தியமா உனக்கு!" என்று அலறிக்கொண்டே அவர் ஓங்கி வெட்டினார். கயிறு அறுந்தது. முடியைப் பிடித்து என்னைத் தூக்கிப் படகுக்குள் போட்டார்.

மூச்சு வந்ததும், "நல்லவேளை, கரெக்டா கயித்தை வெட்டினீங்கண்ணே" என்றேன்.

"கயித்தையா? கைக்குத்தாம்மா ஓங்கினேன். டுங்கி ஆடிருச்சு."

சொல்லிவிட்டு மறுபடி கத்தியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.

உயிரைக் காப்பாற்றியவர், கும்பிடத்தான் வேண்டும். ஆனால் கும்பிட எனக்கு இரண்டு கை இருப்பது டுங்கி ஆடியதால்.