சனிக்கிழமை மேசைக்குச் சாட்சி இல்லை

எங்கள் தொழிலில் ஜெயித்தவன் ஊர் முழுக்கச் சொல்லுவான், தோற்றவன் அதைவிட ஜாஸ்தியாகச் சொல்லுவான். சமாதானமாகப் போனவன் மட்டும் வாயைத் திறக்கவே மாட்டான். கறுப்புக் கோட்டுக்குள் வெந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும்.

அறுபதுகளில் நான் கடலூரில் ஜூனியர் வக்கீல். ஏழைகளுக்கு இலவச ஆலோசனை தர வேண்டும் என்று மாநில வக்கீல் சங்கம் ஊர் ஊராக எழுதியது. எங்கள் கிளை, சிதம்பரம் முன்சீப் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மேசை போட்டுச் சனிக்கிழமைதோறும் என்னை உட்கார வைத்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன்தானே, போகட்டும் என்று நினைத்திருப்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒற்றை அறை, ஓட்டல் சாப்பாடு. என்னிடம் மனுஷர்கள் மனசுவிட்டுப் பேசியது அந்த மேசையில்தான். மற்ற ஆறு நாளும் சனிக்கிழமைக்காகவே காத்துக் கிடந்தேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

இரண்டாம் வருஷம் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். "பொதுக்குழுவுல பலன் அடைஞ்சவங்க ஒருத்தராவது வந்து சொல்லட்டும். இல்லேன்னா மேசையை எடுத்துடலாம் தம்பி."

வரப்புப் பலா

ஒருத்தர்தானே என்று தெம்பாகக் காடாம்புலியூருக்குப் போனேன். அங்கே அண்ணன் தம்பி இருவர், வரப்பில் நின்ற பலாமரத்துக்காக அரிவாள்வரை போனவர்கள். உள்ளூர்க் கண்ணில் படக்கூடாது என்று சிதம்பரம்வரை வந்து என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒரு வருஷக் காய்ப்பு அண்ணனுக்கு, மறு வருஷத்தது தம்பிக்கு என்று முடிக்க எனக்கு நாலு சனிக்கிழமை பிடித்தது.

நான் போன அன்று இருவரும் சேர்ந்து கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் யார் இவர் என்று கேட்க, அண்ணன் சட்டென்று "பலா வியாபாரி" என்றார். தெருமுனைவரை கூட்டிவந்து ஒரு முழுப் பழத்தை என் தோளில் ஏற்றினார். ஒண்டிக்கட்டை அதை வைத்து என்ன செய்வேன்?

"கோவிச்சிக்காதீங்க சார். உங்களத் தெரியும்னு சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

பினாங்குக் கடிதம்

அடுத்தது பரங்கிப்பேட்டை மரியம் பீவி. புருஷன் பினாங்கில், மூன்று வருஷம் ஒரு வரி இல்லை. அந்த அம்மா சொல்லச் சொல்ல ஆறு கடிதம் எழுதினேன். ஆளில்லாத வீட்டில் பொழுது சாய்வது எப்படி இருக்கும் என்று அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் திருத்தவில்லை. திருத்த என்ன இருக்கிறது, எனக்கும் அதே கதைதான். ஆறாவது கடிதத்துக்கு ஆளே கப்பலேறி வந்துவிட்டார்.

சாட்சி சொல்ல வரச் சொல்லிக் கேட்கப் போனபோது, மரியம் பீவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார். "அல்லா உங்களுக்கு பரக்கத்து குடுப்பான் சார். ஆனா அவுங்க என்னை மறந்திருந்தாங்கன்னு சபையில எந்த வாயால சொல்லுவேன்? கடைத்தெருவுல பாத்தாலும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

காலி நாற்காலி

பொதுக்குழுவில் சாட்சிக்கென்று நானே ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். கூட்டம் முடியும்வரை அது காலியாகவே இருந்தது. இரண்டு பெயரைச் சொல்லியிருந்தால் மேசை பிழைத்திருக்கும். நம்பி வந்து சொன்னவர்கள் பெயரை எப்படிச் சொல்வது?

செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "நெஜமாவே யாராச்சும் வந்தாங்களா தம்பி, இல்ல நீங்களே போய் உக்காந்துட்டு வந்தீங்களா?"

படிக்கட்டு

அடுத்த சனிக்கிழமை மேசையை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கோர்ட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். அறைக்குப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்போது மரியம் பீவி வந்தார், பின்னால் அழுத முகத்தோடு இன்னொரு பெண். மேசை எங்கே என்று கேட்கவில்லை. நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டேன்.

"இவுங்க வூட்டுக்காரரு சிங்கப்பூருல. எனக்கு எழுதின மாதிரியே எழுதிக் குடுங்க சார். நான் கூட்டியாந்தேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

சங்கத்துக் குறிப்பேட்டில் 'பலன் அடைந்தோர் எவருமில்லை' என்றுதான் இன்றும் இருக்கும். கூட்டக் குறிப்பு எழுதுவது ஜூனியர் வேலை என்பதால், அதை எழுதியதும் நான்தான்.