எரிமலை இல்லை என்று சொன்னேன்

நிலத்துக்கடியிலிருந்து எடுக்கும் பாறைத் துண்டுகளை அடுக்கி வைக்க எங்கள் தொழிலில் ஒரு மரப்பெட்டி உண்டு. கோர் பாக்ஸ் என்போம். நீளவாக்கில் ஐந்து தடுப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கைத்தடி கனத்தில் உருளையான கறுப்புப் பாறை, பக்கத்தில் அது எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று பெயிண்டால் எழுதிய எண். பம்பாய் ஆண்டாப் ஹில்லில் ஒரு பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் இருபது மாடிக்கு மேல் எழுப்பப் போகிறார்கள் என்று நாங்கள் அங்கே துளை போட்டுக்கொண்டிருந்தோம். குளிர்காலக் காலை. அந்தப் பெட்டியின் விளிம்பில் ஒரு கையை ஊன்றிக் குந்தி உட்கார்ந்துகொண்டு, எங்கள் போரிங் மேஸ்திரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். சரியான பதில்தான். இன்று யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் பெண்கள் படித்தால் பேங்க், இல்லாவிட்டால் டீச்சர் வேலை என்றிருந்த நாளில் மண்ணையும் கல்லையும் படிக்கப் போனேன். படிப்பு முடிந்ததும் செம்பூரில், கட்டடம் எழுப்புமுன் நிலத்தைச் சோதித்துத் தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன். மேஸ்திரி எனக்கு முன்பிருந்தே அங்கே இருந்தார். தாராவிக்காரர், திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் மெஷின் சத்தத்தை வைத்தே கீழே என்ன பாறை என்று சொல்லிவிடுவார். நான் லென்ஸை எடுத்துப் பார்த்து எழுதும்போது அவர் சொன்னதுதான் அநேகமாக இருக்கும். அவருக்குத் தெரியாததை என்னிடம் கேட்பார். இந்தப் பாறையில் ஏன் பொட்டுப் பொட்டாக ஓட்டை, அந்த ஓட்டைக்குள் ஏன் வெள்ளையாக உப்பு மாதிரி உறைந்திருக்கிறது என்றெல்லாம். இது முன்னொரு காலத்தில் நெருப்புக் குழம்பாக ஓடியது, அதிலிருந்து கிளம்பிய காற்றுக் குமிழிதான் ஓட்டையாக நின்றுவிட்டது, பம்பாய் முழுக்க ஆறிப்போன நெருப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொல்லியிருந்தேன். அதை அவர் ரொம்ப ரசித்தார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஏலே, நீ நிக்குதது எதும்மேல தெரியுமா?" என்று கேட்பார்.

மேஸ்திரிக்கு மனைவி இல்லை, முன்பே இறந்துவிட்டாள். ஒரே மகள். அவளைத் தாராவியிலேயே வளர்ந்த பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். மருமகன் வடக்கே, மாநில எல்லையை ஒட்டிய ஓர் ஊரில், பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். அந்த வருஷம் மழை ஓய்ந்ததிலிருந்து அந்தப் பக்கத்து ஊர்களில் நிலம் அடிக்கடி அதிர்ந்துகொண்டிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, பாத்திரம் கலகலக்கும், தகரம் தடதடக்கும். பேப்பரில் உள்பக்கத்தில் நான்கு வரி வரும். நானும் படித்திருந்தேன்.

அன்று காலை அவர் கேட்டது இதுதான். "மேடம், எம் மக இருக்க ஊர்ல தரைக்குள்ள கடமுடான்னு சத்தம் கேக்குதாம். எரிமலை பொங்கப் போவுதுன்னு ஊரே பேசுதாம். இந்தக் கல்லு பூரா நெருப்புக் கொழம்புன்னு நீங்கதான சொன்னிய? திரும்பவும் வருமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ மேஸ்திரி, அந்த நெருப்பு அணைஞ்சு ஆறரைக் கோடி வருஷம் ஆறது. அந்தமான் பக்கம் ஒரு தீவைத் தவிர நம்ம தேசத்துல உயிரோட எரிமலையே கெடையாது. யாரோ புரளி கெளப்பி விட்டிருக்கா. பயப்படாம இருக்கச் சொல்லுங்கோ."

"பக்காவா?"

"பக்கா."

அவர் முகம் தெளிந்தது. எழுந்து, மெஷின் சத்தம் கேட்காத தூரத்துக்கு, இடித்த கட்டடத்தின் செங்கல் குவியலுக்கு அந்தப் பக்கம் போய்ப் போன் பேசினார். சிரித்துப் பேசுவது தெரிந்தது, வார்த்தை காதில் விழவில்லை. நான் குனிந்து என் தாளில் ஆழத்தை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு படிக்காத மனிதரின் மூடநம்பிக்கையைப் போக்கிவிட்டோம் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. ஏன் கேட்கிறீர்கள், அவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

எட்டாம் நாள் மேஸ்திரி வேலைக்கு வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஹெல்பர் ஒருவன் வந்து சொன்னான். முந்தின நாள் சாயங்காலம் நிலம் ஆடியதில் சுவர் விழுந்து மகள் செத்துப்போனாள், உடலைத் தாராவிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று.

தாராவிச் சந்துகளில் சாவு வீட்டைத் தேட வேண்டியதில்லை, அழுகைச் சத்தமே வழி காட்டும். ஒரே அறை, அதற்கு மேல் ஏணி வைத்து ஏறும் இன்னொரு அறை. கீழே உடலைக் கிடத்த இடம் போதாமல் வாசலிலேயே பெஞ்சு போட்டு வைத்திருந்தார்கள். தலையைத் துணியால் சுற்றியிருந்தது. இருபத்தாறு வயது. மேஸ்திரி பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்ற மருமகன்தான் வருகிறவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மூணு வாரமா வெளிய பிளாஸ்டிக் தாளு கட்டித்தான் கெடந்தோம். பனி தாங்காம அவளுக்கு இருமலு. இருந்தாலும் உள்ள போவ வேண்டாம்னு நான் சொன்னேன். செவுத்துல விரலு போற அளவுக்கு வெடிப்பு. மண்ணு வச்சுக் கட்டுன செவுரு. கேட்டாளா? அவ அப்பா போன் பண்ணிட்டாவல்லா. பெரிய படிப்பு படிச்ச மேடம் சொல்லிட்டாங்க, எரிமலையும் கெடையாது ஒரு எழவும் கெடையாது, உள்ள போயிப் படுங்கன்னு. நான் டூட்டிக்குப் போயிருக்கேன், இவ உள்ள நின்னு சோறு வடிச்சுக்கிட்டிருக்கா..."

அவனுக்கு என்னைத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நீங்க?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து மேஸ்திரி நிமிர்ந்தார். நான் வந்ததிலிருந்து அவர் பேசியது அப்போதுதான். "ஆபீஸ்ல டைப் அடிக்கிற மேடம்லே. எடம் குடு, உக்காரட்டும்."

நான் உட்கார்ந்தேன். அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரோ கொடுத்த தண்ணீரையும் வாங்கிக் குடித்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது, சொல்லியிருந்தால் சாவு வீட்டில் கலவரமாகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பயம் என்று எனக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் வேலைக்கு வந்துவிட்டார். செம்பூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டி வேலை நடந்தது. மூன்று நாள் எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான். அவர் எதிரில் நிற்கவே எனக்குக் கூசியது. நாலாம் நாள் சாப்பாட்டு வேளையில், டிபன் டப்பாவைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மேடம், எரிமலை இல்லன்னிய. சரி. அப்பொறம் ஏன் ஆடுச்சு?"

அன்று ஆண்டாப் ஹில்லில் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். நம் தேசம் மொத்தமும் ஒரு பெரிய பாளமாக வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. அங்கே இன்னொரு பெரிய நிலம் நிற்கிறது. இரண்டும் முட்டிக்கொள்கின்றன, அப்படி முட்டித்தான் இமயமலை எழும்பியது. கடலின் அடித்தரை இன்னொரு பாளத்துக்குக் கீழே ஆழமாகச் செருகிப் போகும் இடங்களில், அது கொண்டுபோகும் தண்ணீரால் உள்ளே பாறை உருகும். உருகியது மேலே வந்தால் எரிமலை. நிலம் பிளந்து விலகும் இடங்களிலும் உருகும். இங்கே இரண்டுமே இல்லை. தடித்த நிலமும் தடித்த நிலமும் இடித்துக்கொள்கின்றன. உருகிக் குழம்பாவதற்கு இங்கே வழியில்லை, ஆனால் நெருக்குதல் மட்டும் நிற்காமல் இருக்கிறது. வடக்கே முட்டுகிற முட்டு இங்கே வரைக்கும் வந்து பாறையை அழுத்துகிறது. இந்தப் பாறைக்குள் ஆதிகாலத்து வெடிப்புகள் ஏராளம். அழுத்தம் தாங்காதபோது ஒரு வெடிப்பு சரக்கென்று நழுவும். அதுதான் ஆட்டம். அந்த ஊரில் மழைத் தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கி நழுவச் செய்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அது நிச்சயமாகத் தெரியவில்லை.

"சூடா இருந்தா ஆடாதோ?"

"சூடான பாறை வளைஞ்சு குடுக்கும் மேஸ்திரி. ஆறி எறுகிப் போனதுதான் படக்குன்னு ஒடையும்."

"அப்போ நெருப்பு அணைஞ்சுபோச்சுன்னு நீங்க சொன்னதுக்கு, பயமில்லன்னு அர்த்தம் கெடையாது."

"கெடையாது."

தலையை ஆட்டிக்கொண்டார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொன்னது வேறு. "நான் கேட்டதுதான் தப்பு. எரிமலையான்னு கேட்டேன். செவுரு தாங்குமான்னு கேட்டிருக்கணும். எத்தனையோ செவுரு பாத்தவன் நான். நேரா போயி ஒரு நாள் அந்தச் செவுத்தத் தட்டிப் பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்."

"நீங்க எதுக்குக் கேக்கறேள்னு நான் கேட்டிருக்கணும்" என்றேன். அவர் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தி, "சாப்புடுங்க" என்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அந்த ஊருக்குப் போனோம். அவர்தான் கூப்பிட்டார். "அந்த ஊர்ல இன்னமும் ஒவ்வொரு குடும்பமா வீட்டுக்குள்ள போறாங்களாம் மேடம். புரளின்னு தெரிஞ்சுபோச்சாம், எரிமலை வராதாம். வந்து சொல்லுங்க." ஊரில் மருமகன் தொழிற்சாலைக் கேட்டருகே நின்றான். மாமனாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாவுக்குப் பிறகு அவன் அவரோடு பேசுவதில்லை.

ஒரு வேப்பமரத்தடியில் பத்திருபது பேர் கூடினார்கள். எனக்குத் தெரிந்த ஹிந்தியிலும் மராட்டியிலும் சொன்னேன். எரிமலை வராது, ஆனால் ஆட்டம் வரும், மண் வைத்துக் கட்டிய சுவருக்குள் இருக்காதீர்கள் என்று. எப்போது நிற்கும் என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றேன். அடுத்தது எப்போது வரும்? அதுவும் யாருக்கும் தெரியாது என்றேன். "இது தெரியாமலா இவ்வளவு படித்தாய்?" என்று அவர் எழுந்து போய்விட்டார். மேஸ்திரி அதற்குள் வீடு வீடாகப் போய்ச் சுவரைக் கைமுட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் மருமகன் என்னிடம் வந்தான். "டைப் அடிக்கிற மேடம்னாரு."

"இல்லை. அன்னிக்கு அவர்கிட்ட எரிமலை கெடையாதுன்னு சொன்னது நான்தான்."

அவன் என்னை அடித்திருந்தால்கூட நான் நகர்ந்திருக்க மாட்டேன். தாடை மட்டும் அசைந்தது. பிறகு கையை நீட்டித் தெருக்கோடியைக் காட்டினான். "நாங்க இருந்த அந்த வீட்டுல விழுந்தது பாதிதான். மிச்சப் பாதி நிக்கிது. அதுல நேத்து ஒரு குடும்பம் குடி வந்துட்டு. வாடக கம்மியாம். போயி அங்கன சொல்லுங்க."

போனேன். விழுந்த பக்கத்துச் செங்கல்லை ஒதுக்கி வழி செய்திருந்தார்கள். உள்ளே ஒரு பெண் ஸ்டவ்வில் எதையோ வைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குப் பின்னால் சுவரில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு ஓடியது. நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில், வேலை தேடி வேறு ஜில்லாவிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லி, "எங்கே போறது, நீங்களே சொல்லுங்க" என்று ஹிந்தியில் கேட்டாள். எகத்தாளமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எனக்குப் பின்னால் மேஸ்திரி வந்து நின்றிருந்தார். அவர் வெளியே போனார். மகளும் மருமகனும் கட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் தாள் இன்னும் அங்கேயே, சுருட்டினபடி, வேலியோரமாகக் கிடந்தது. அதை உதறி விரித்தார். சுவரிலிருந்து விலகி இடத்தைக் காலால் அளந்து நின்று, ஒரு முனையை வேலிக் கம்பத்தில் கட்டினார். காற்றில் தாள் படபடத்து அவர் முகத்தில் அடித்தது. இரண்டு தடவை கை நழுவியது. மூன்றாம் தடவை மறுமுனை தரையில் இல்லை; மருமகன் வந்து அதைப் பிடித்திருந்தான். மாமனாரைப் பார்க்காமலே, "இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க. அன்னைக்கு செவுரு இதுவரைக்கும் வந்து விழுந்துச்சு" என்றான்.

மேஸ்திரி இப்போது இல்லை. அந்தக் குடும்பம் அந்தத் தாளின் கீழ் இரண்டு மாதம் இருந்துவிட்டு, வெயில் தாங்காமல் மறுபடி உள்ளே போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தச் சுவர் இன்றுவரை விழவில்லை.