கதவுச் சந்தில் ஓடிய ரப்பர் கீற்று

யார் காரில் ஏறச் சொன்னாலும் நான் உடனே ஏறுவதில்லை. கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே உள்ள சந்தை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். சுங்கைப் பட்டாணியில் என் மகன் புதுக் கார் எடுத்து வந்து வாசலில் நிறுத்தியபோதும் அப்படித்தான். "அம்மா, கடையிலேருந்து நேரா வருதுலா இது" என்று சிரித்தான். சிரிக்கட்டும். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கடிதம் வந்தால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கதவுச் சந்து விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

பாடாங் செராயிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அம்மாவின் தம்பி, என் மாமா, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. லயத்தில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட பழைய கார். பக்கத்துக்கு ஒரே கதவு. பின்னால் உட்காருகிறவர்களும் முன் இருக்கையை மடக்கிவிட்டு அந்தக் கதவு வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். அந்தக் கதவுகள்தான் மாமாவுக்கு அவமானம். சந்து மேலே நகம் நுழையாது; கீழே என் கட்டைவிரல் போய்வரும்.

தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் பெண்கள் சும்மா விடுவார்களா? "என்னா தம்பி, ஒன் கெரெத்தா யாரப் பாத்து இப்புடிப் பல்ல இளிக்குது? எங்களையா, கெழவிங்களையா?" கெரெத்தா என்றால் மலாயில் கார். மாமாவும் கூடச் சிரிப்பார். ஆனால் காது சிவந்துவிடும்.

அப்போது அம்மாவுக்கு நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட வேண்டும், தாமதித்தால் ரெண்டு உயிருக்கும் ஆபத்து என்று தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் சொல்லியிருந்தார். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை ஏற்றிப் போகும் தோட்ட லாரிக்குச் சொல்லி வைக்கலாம் என்றார் அப்பா. மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கக்காவ ஒட்டுப்பால் மூட்டையோட மூட்டையா ஏத்திக்கிட்டுப் போவீங்களா மச்சான்? நான் எதுக்கு இருக்கேன்?"

அம்மாவுக்கும் அதில் பெருமைதான். தம்பி காரில் போய்ப் பிள்ளை பெறப் போகிறவள் லயத்தில் வேறு யார்?

அக்காள் ஏறப் போகிற கார் இளித்துக்கொண்டு நிற்கலாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரம்புத்தான் மரத்தடியில் காரின் நடுவயிற்றுக்குக் கீழே மரக்கட்டைகளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். தூக்கியதும் கோணல் சந்து பாதிக்கு மேல் தானாகவே நேரானது. "பாத்தியா பாப்பா, காருக்கே வெக்கம் வந்திருச்சு" என்றார். மிச்சத்துக்குக் கீல் திருகுகளைத் தளர்த்திக் கதவை நகர்த்தினார். அகலமாக இருந்த இடத்தில் தகரம் வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசித் தேய்த்தார்.

அப்பா குனிந்து அடியைப் பார்த்தார். "மாப்ள, தொட்டா துருவாக் கொட்டுதேயா."

"அது யாரு கண்ணுக்குத் தெரியப் போவுது மச்சான்? நீங்க கதவப் பாருங்க."

எனக்கும் ஒரு வேலை இருந்தது. ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்குவார்களே, அதில் ஒரு கீற்று அறுத்துக் கொடுத்தார். சந்தில் அதை விட்டு மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். "எங்க ஒட்டுதோ, அங்க மாமாவக் கூப்புடு. வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன். நீதான் சொல்லணும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. கூப்பிட்டேன், தேய்த்தார். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி தேய்த்தார். சாயங்காலம் கீற்று எங்கேயும் நிற்காமல் ஓடியது.

கட்டைகளை உருவிக் காரை இறக்கியதும் கதவு லேசில் மூடிக்கொள்ளவில்லை. இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்தினார். "புதுச் செருப்பு மாதிரிலா. பழகப் பழக சரியாப் போயிரும்." கறுப்புச் சாயம் காய்ந்ததும் பைப்படி வாயடைத்துப் போனது.

பால்வெட்டு முடிகிற நேரத்தில் அம்மாவுக்கு வலி கண்டது. அம்மாவையும் அப்பாவையும் பின்னால் ஏற்றி, மாமா கதவை இடித்துச் சாத்திக்கொண்டு புறப்பட்டார். நான் நின்று கையாட்டினேன். கதவுச் சந்து வெயிலில் பென்சில் கோடு போலத் தெரிந்தது.

பிறகு நடந்தது பெரியவர்கள் பேசக் கேட்டதுதான். பாலம் தாண்டிச் செம்மண் சாலைப் பள்ளத்தில் கார் தொப்பென்று விழுந்திருக்கிறது. துருத் தின்ற அடிப்பாகம் நடுவில் ஒடிந்து, கார் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இரண்டு கதவும் மேலே கவ்விக்கொண்டன. பழைய சந்து இருந்திருந்தால் நெம்பியாவது திறந்திருக்கலாம். இப்போது கடப்பாரை நுனி வைக்கவும் இடமில்லை. மாமா ஜன்னல் வழியாக நெளிந்து வெளியே வந்துவிட்டார். நிறைமாதக்காரி எப்படி வருவாள்? வெட்டுக்காட்டிலிருந்து பால்வெட்டும் ஆட்கள் ஓடி வந்து, ஒரு பக்கக் கதவைக் கோடாலியால் பிளந்து, அம்மாவை வெளியே எடுத்துத் தோட்ட லாரியில்தான் ஏற்றினார்கள். ஒட்டுப்பால் மூட்டைகளுக்கு நடுவில். அம்மா பிழைத்தாள். தம்பிப் பாப்பா பிழைக்கவில்லை.

மறுநாள் காரை இழுத்து வந்து அதே ரம்புத்தான் மரத்தடியில் போட்டார்கள். அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில். மாமா மரத்து வேரில் உட்கார்ந்திருந்தார். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. கோப்பி கலக்கிக் கொண்டு போய் மாமா பக்கத்தில் வைத்தார். அது ஆறிப்போய் எறும்பு மொய்த்தது.

நான் சும்மா இருப்பேனா? ரப்பர் கீற்றை எடுத்துக்கொண்டு போய், பிளக்காத கதவின் சந்தில் வைத்தேன். மேலே நுழையவே இல்லை.

"மாமா, இங்க ஒட்டுது!"

அவர் அசையவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னேன். "மேல ஒட்டுது மாமா! தேச்சா சரியாயிரும், வாங்க."

எழுந்து வந்தார். கீற்றை என் கையிலிருந்து வாங்கி, நான் காட்டிய இடத்திலேயே வைத்து அழுத்தினார். அது மடங்கியது. நிமிர்த்தி வைத்து மறுபடியும் அழுத்தினார். அப்பா ஓடி வந்து என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். எட்டு வயதுப் பெண்ணை யாராவது தூக்குவார்களா? கால் அப்பாவின் முட்டியில் இடித்தது. திரும்பிப் பார்த்தேன், மாமா இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரே கோபம். நீதான் சொல்லணும் என்றாரே, சொன்னதற்கு ஒரு தடவைகூட 'நல்லது பாப்பா' என்று சொல்லவில்லையே என்று.