வரதனுக்கு வாங்கிய பாட்டில்

கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பி ஆலையில் சாம்சனுக்குப் பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. ஆனால் அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது அந்த வேலை இல்லை. கூட்டாளிகள் ஒன்று கூடினால் பீர் வாங்கி வருவது அவன்தான். குடிக்காதவன் என்பதால் வழியில் பாட்டில் குறையாது. யாருக்கு எது என்பதும் அத்துப்படி. பச்சையப்பனுக்குப் பல் கூசுகிற கூலிங்கில் ஸ்ட்ராங். ஜெரால்டுக்கு டின் பீர். இன்னொருவனுக்கு அடிக்கடி தொண்டை கட்டும், ஆகவே கூலிங் இல்லாத லைட். மூடி திறந்து கையில் கொடுப்பது வரை சாம்சன் வேண்டும். அதற்கப்புறம் அவன் ஒருவன் அங்கே இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது.

அதைப் பார்த்துத்தான் கூட்டாளிகளில் ஒருவனான வரதன் பயந்தான். இனிக் குடிப்பதில்லை என்று மகள் தலையில் கை வைத்து மனைவி கன்னியம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு, நேராகச் சாம்சனிடம் வந்தான்.

"குடிக்கலன்னா உன்ன மாதிரி என்னியும் ஓரங்கட்டிடுவானுங்கடா. நீதான் எதுனா பண்ணணும்."

சாம்சன் பண்ணினான். காலி ஸ்ட்ராங் பாட்டிலைக் கழுவி, ஆப்பிள் சோடா ஊற்றி, பழைய மூடியையே அழுத்தி வைத்தான். பழுப்புக் கண்ணாடியில் உள்ளே இருப்பது தெரியாது. நாலு மாதம் வரதன் அதைக் குடித்துவிட்டு மற்றவர்களைவிடச் சத்தமாக உளறினான்.

சம்பளம் வந்த ஒரு ஞாயிறு, கவரைப்பேட்டைச் சவுக்குத் தோப்பில் எல்லோரும் கூடினார்கள். மற்றவர்களுக்கு லீவு. வரதனை மட்டும் பகல் இரண்டு மணி ஓவர்டைமுக்குக் கூப்பிட்டிருந்தார் சூப்பர்வைசர் ஆதிகேசவன். தோப்பிலிருந்தே கிளம்பிப் போனான். நாலு மணிக்குப் பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று தடம் விட்டு எகிறி அவன் மேல் விழுந்தது. தூக்கிப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாளே ஆலையில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். வரதன் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான், தப்பு அவனுடையது என்று எழுதியிருந்தது. தோப்பில் அவன் குடித்ததைக் கண்ணால் பார்த்ததாக நம்பியவர்கள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார்கள். சாம்சன் பேனாவைப் பிடித்தபடி நின்றான்.

"வாங்கிக் குடுத்ததே நீதானடா? போடு. இல்லன்னா நாளிக்கு கேட்டாண்ட வராத" என்றார் ஆதிகேசவன்.

வீட்டில் மனைவி மெர்சிக்கு எட்டாம் மாதம். போட்டுவிட்டான். கோழைத்தனம்தான், வேறென்ன.

பதினாறாம் நாள் காரியத்தன்று செத்தவனுக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைக்க வேண்டும். காலையிலேயே கன்னியம்மா சாம்சனைக் கூப்பிட்டாள்.

"பீரும் ஒண்ணு வாங்கியா சாம்சன். பெத்த பொண்ணு தலமேல அட்ச்ச சத்தியத்தவிட அதான அவருக்குப் பெருசாப் பூட்ச்சி. அதயே வெக்கிறேன்."

அவள் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெறுப்புதான் இருந்தது. சாம்சன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வந்தவர்களுக்கு ஆதிகேசவன் செலவில் பீர். கடை திறந்ததும் சாம்சன் ஒவ்வொருவருக்கும் உரியதைச் சொல்லி வாங்கினான். கடைசியாக வரதனுக்கு ஒரு ஸ்ட்ராங். வெளியே வந்து அதைச் சாக்கடையில் கவிழ்த்தான். பெட்டிக்கடையில் ஆப்பிள் சோடா வாங்கி நிரப்பினான். செத்தவனையாவது ஏமாற்ற வேண்டாம் என்று நினைத்தான். உயிரோடு இருப்பவளைப் பற்றி அப்போதும் நினைக்கவில்லை.

மீன் வறுவல், பரோட்டா, பீடிக்கட்டு எல்லாம் இலையில் வைத்தாயிற்று. கன்னியம்மா பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள். பாதியில் கை நின்றது. பத்து வருடம் அந்த வாடையோடு படுத்தவள். டம்ளரை முகர்ந்தாள், விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இனிக்குது. செத்தவருக்குக் கூடவாடா ஏமாத்து?"

"ஏமாத்து இல்ல அண்ணி" என்றான் சாம்சன். "நாலு மாசமா அண்ணன் குடிச்சது இதான். அன்னிக்குத் தோப்புலயும் இதான். இவங்க யாருக்கும் தெரியாது."

"அய்யோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள் கன்னியம்மா. "பதினாறு நாளா அவரத் திட்டிக்கினே இருந்தனே!" படத்தின் முன் விழுந்து அழுதாள். வரதன் செத்த பிறகு அவள் அழுதது அப்போதுதான்.

"அப்ப நாங்க போட்ட கையெழுத்து?" என்றான் பச்சையப்பன்.

காரியத்துக்கு வந்திருந்த ஆதிகேசவன் எழுந்தார். "டேய், நீயும்தான போட்ட? இப்ப இன்னா கத வுடுற? வேல வேணுமா, வாணாமா?"

கன்னியம்மா நிமிர்ந்தாள். சாம்சனையே பார்த்தாள். கண்ணைத் துடைக்கவில்லை.

"இவங்க பாத்தத வெச்சிப் போட்டாங்க. தெரிஞ்சிகினே நீ போட்ட."

அவள் டம்ளரை நிரம்ப ஊற்றிப் படத்தின் முன் வைத்தாள்.

"யார் யாருக்கு இன்னா வேணும்னு பாத்துப் பாத்து வாங்கியாருவியே. எனக்கு அந்தக் காயிதத்த வாங்கியா, போ."