சிவந்தது இரண்டு கன்னம்

சிறுநீரகம் மாற்றி இரண்டு வருடமாகிறது. அது ஒழுங்காக வேலை செய்கிறது. இரத்தம்தான் ஏறமாட்டேன் என்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பரிசோதித்த டாக்டர், காரணம் பார்வோவைரஸ் என்றார். சின்ன வயதில் பலருக்கும் வந்துபோகும் கிருமியாம். போனது போலக் காட்டிவிட்டு, தோலிலும் மூட்டிலும் எலும்புக்குள் இரத்தம் ஊறும் இடத்திலும் சத்தமில்லாமல் தங்கிவிடுமாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருக்கும். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடக் கூடாதென்று நான் விழுங்கும் மாத்திரைகளோ அந்தச் சக்தியையே அடக்குகின்றன. காவல்காரனுக்கு நானே தூக்க மருந்து கொடுத்திருக்கிறேன்.

கர்ப்பிணிகள் கிட்ட வரக்கூடாது, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம் என்றும் சொன்னார். என் ஒரே மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் வெரிபீயில், நான் ரோவில்லில். மெல்பேர்னின் இரண்டு அந்தங்கள். அவள் வருவாள் என்று வாங்கிய மீனைக் குழம்பு வைத்து, குசினியில் நின்றபடியே நான் தின்றேன். எதிரே ஆளில்லாத மேசையில் கதிரை இழுத்துப் போட எனக்கு வெறுப்பு.

அவளுக்கு முன்பே இது வந்திருந்தால் பயமில்லையாம். "சின்னனில் இரண்டு கன்னமும் சிவந்ததா? அறை வாங்கிய கன்னம் என்றே இந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு" என்றார் டாக்டர்.

அவளுக்கு நாலு வயதில், சோற்றைத் துப்பினாள் என்று ஓர் அறை விட்டேன். மறுநாள் கன்னங்கள் பழமாய்ச் சிவந்திருந்தன. பாலர் பள்ளியில் கண்டால், அடிப்பதாக அரசாங்கத்துக்கு அறிவித்து, பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, பவுடர் பூசி, ஒரு கிழமை வீட்டுக்குள் வைத்திருந்தேன். நான் அறைந்தது ஒரு கன்னத்தில். சிவந்தது இரண்டும். இந்த மண்டைக்கு அது இத்தனை வருடமாக உறைக்கவில்லை. எனக்கும் அப்போதுதான் தொற்றியிருக்க வேண்டும். டாக்டருக்கு அது நிச்சயமில்லை, எனக்கு நிச்சயம்.

மகளின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவளுக்கு முன்பே வந்திருக்கிறது, பயமில்லை. போன் எடுத்து முழுக்கதையும் சொன்னேன்.

"உன்ர கன்னம் சிவந்தது என்னால இல்லையடி, அந்த வைரஸால."

"சிவந்தது எனக்கு ஞாபகம் இல்லை அம்மா. நீங்கள் அடிச்சதுதான் ஞாபகம்."

"அப்ப எப்ப வாறாய்?" என்று மட்டும் கேட்டேன்.

"பாப்பம் அம்மா" என்றாள்.