என் தலைமுடிக்கு ரெட் ஆக்சைடு

ஏழாம் வகுப்புக்குப் போகும்வரை ஓவிய வகுப்பு என்றால் எனக்கு இரண்டு மலை, நடுவே ஒரு சூரியன். அடிவாரத்தில் ஒரு குடிசை, பக்கத்தில் வளைந்து போகும் ஆறு. நாங்கள் இருந்த கணபதிப் பகுதியில் குடிசையும் கிடையாது, ஆறும் கிடையாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் இரும்பு கடையும் லேத்துப் பட்டறைதான். இருந்தாலும் வாரம் தவறாமல் அந்த ஆற்றுக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தோம். இப்போது நான் கல்லூரியில் சிற்பம் படிக்கிறேன் என்று சொன்னால், பழைய பள்ளித் தோழிகள் "நீதானே அந்த அம்மன் பண்ணினவ?" என்று கேட்கிறார்கள். நான் பண்ணியது அம்மன் அல்ல. பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் நம்புவதாக இல்லை.

அந்த வருடம் புதிதாக ஓர் ஓவிய டீச்சர் வந்தார். முதல் நாளே எங்கள் மலைகளையெல்லாம் மூட்டை கட்டி அலமாரிக்குள் வைத்துவிட்டார். அடுத்த வாரம் ஆளுக்கொரு வெண்டைக்காயைக் கொண்டுவரச் சொல்லி, நறுக்கி, சாயத்தில் தொட்டுத் தாளில் குத்த வைத்தார். அதற்கடுத்த வாரம் பக்கத்தில் இருப்பவளின் செருப்பை, தாளைக் குனிந்து பார்க்காமலே வரைய வேண்டும். நான் வரைந்த செருப்பு அச்சு அசலாகக் கத்திரிக்காய். செருப்புக்குச் சொந்தக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் டீச்சர் அதைக் கையில் எடுத்து, "இந்தக் கோடு நல்லாத் தைரியமா போயிருக்கு" என்றார். கோட்டுக்குத் தைரியம் உண்டு என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று முதல் ஓவிய வகுப்பு எப்போது வரும் என்று மற்ற வகுப்புகளில் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினேன்.

அப்புறம்தான் பெரிய வேலை வந்தது. அதன் பெயர் 'நான்'. ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தானே செய்ய வேண்டும். பென்சில் கூடாது, கடையில் எதையும் வாங்கக் கூடாது, முக்கியமாகப் பெயிண்ட் கூடாது. வீட்டில் எதைத் தூக்கி எறிகிறார்களோ அதைக் கொண்டுதான் செய்ய வேண்டும், அதன் நிறம்தான் உங்கள் நிறம் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெற்றோர்களை அழைத்துக் கண்காட்சி வைப்பார்கள். அதில் சிறந்ததைப் பள்ளி நுழைவாயிலில், எல்லோரும் வந்து போகும் இடத்தில், வருடம் முழுவதும் மாட்டி வைப்பார்கள். அந்த நுழைவாயில் சுவரில் என் முகத்தை நான் அந்த நிமிடமே மாட்டிவிட்டேன். செய்வதற்கு என்ன பொருள் என்பதுதான் பாக்கி.

அதை எடுத்துக் கொடுத்தது அம்மாவின் கோபம். எனக்குச் சுருட்டை முடி. சாதாரணச் சுருட்டை அல்ல, சீப்பை விட்டால் சீப்பு திரும்பி வராது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்து சிக்கெடுக்க உட்கார்ந்தால் எங்கள் இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் சீப்பில் இரண்டு பல் உடைந்தது. அம்மா உடைந்த சீப்பை வீசிவிட்டு, "இதென்ன முடியா? உங்கப்பன் பட்டறையில கெடக்குற சுருளாட்ட இருக்குது!" என்று கத்தினார்.

நான் பாதிச் சடையோடு எழுந்து ஓடினேன். அம்மா கோபித்துக்கொண்டு ஓடுவதாக நினைத்து "அம்மணி, அம்மணி" என்று பின்னால் கூப்பிட்டார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் நின்று விளக்க நேரமில்லை.

எங்கள் வீடு மாடியில், கீழே பட்டறை. அப்பாவும் சித்தப்பாவும் மோட்டார் பம்புக்கு வேண்டிய பாகங்களைச் செய்துகொண்டிருந்தார்கள். பம்பின் உடம்பு வார்ப்படமாக வெளியிலிருந்து வரும். சித்தப்பா அதை லேத்தில் கடைந்து கொடுப்பார். அப்பா அதைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், தண்ணீர் அடைத்துக் கசிகிறதா என்று பார்ப்பார். சிலது இடப்பக்கம் போகும், சிலது வலப்பக்கம் போகும். வலப்பக்கம் போனதற்கு அப்பா தன் கையாலேயே ரெட் ஆக்சைடு என்ற செந்நிறப் பெயிண்ட் அடித்து வாசலில் காய வைப்பார். அம்மாவுக்குக் கோலம் போட இடமே இருக்காது. எது எதற்காக எந்தப் பக்கம் போகிறது என்று நான் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து பார்ப்பதை யார் கேட்பார்கள்?

எனக்கு வேண்டியது லேத்துக்கு அடியில் கிடந்தது. இரும்புத் தண்டைக் கடையும்போது சுருள் சுருளாக உதிரும் கழிவு அது. தினமும் கூட்டி மூட்டை கட்டி எடைக்குப் போடுவார்கள். அதுவரை அதை நான் பார்த்திருந்தாலும், பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சுருளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். என் தலைமுடியேதான், வெள்ளியில்!

சித்தப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆர்டர் கொண்டுவந்த ஆளிடம் பேசுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். "சொல்லுங்க அம்மணி, உங்களுக்கு எந்த மாதிரி முடி வேணுமுங்க?"

எத்தனை மாதிரி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. மெதுவாகக் கடைந்தால் நீளமாக, தளர்வாக வரும். வேகமாக ஓட்டினால் சூட்டில் நிறம் மாறி நீலமாக வரும், மயில் கழுத்து நீலம். அலுமினியம் பளீரென்று வெள்ளையாக வரும். பித்தளை சுருளவே சுருளாது, பொன்னாகப் பொடிப்பொடியாக உதிரும். ஒவ்வொன்றும் விழ விழ நான் குதித்தேன். "மேல உழுந்தாக் கிழிச்சுப்போடும், தள்ளி நில்லு" என்று சித்தப்பா அதட்டினார். அப்பா தன் தோல் கையுறையை எடுத்து வந்து என் கையில் மாட்டிவிட்டுப் போனார். அது என் முழங்கை வரைக்கும் வந்தது.

கண்காட்சி வரை எனக்குச் சோறு தண்ணீர் நினைவில்லை. பெட்டி உடைத்த பலகையில், தேய்ந்த உப்புத்தாளை வெட்டி ஒட்டி முகம் செய்தேன். அந்தப் பழுப்பு அப்படியே என் நிறம். வார்ப்பிரும்புத் தூளைப் பசையில் குழைத்துப் புருவம். கண்ணுக்கு இரண்டு பழைய வாஷர்கள், கம்மலுக்குப் பித்தளைப் பொடி. சுருள்களைச் சோப்புத் தூள் போட்டு அலசி, எண்ணெய் நாற்றம் போனதும் கம்பி வலையில் ஒவ்வொன்றாகக் கட்டினேன். வெள்ளியும் நீலமுமாக முடி நாலா பக்கமும் பறந்தது. எண்ணெய் இல்லை, சடை இல்லை, ரிப்பன் இல்லை. அம்மா பார்த்துவிட்டு, "இப்படியே தலைய விரிச்சுட்டா பள்ளிக்கோடம் போவே?" என்றார். ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. அப்பா முன்னால் நின்று பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், சுருள் ஒன்றை விரலால் மெல்லத் தட்டினார். பசை காயட்டும் என்று அதைப் பட்டறையிலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் குளித்து, சீருடை போட்டுக்கொண்டு கீழே ஓடினேன். வாசலில், காய வைத்திருந்த பம்புகளின் வரிசையில், முதல் ஆளாக நான் நின்றிருந்தேன். தலையிலிருந்து தொங்கிய அத்தனை சுருளும் செக்கச்செவேலென்று ரெட் ஆக்சைடு. முகத்தில் ஒரு சொட்டுப் படவில்லை. செய்தித்தாளை வெட்டி அத்தனை கவனமாக மறைத்து வைத்து அடித்திருந்தார் அப்பா. வாஷர்களும் இரும்பு என்பதால் கண்ணை மட்டும் மறைக்கவில்லை. இரண்டு கண்ணும் சிவப்பு.

நான் போட்ட சத்தத்தில் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். "ஏனுங்க, புள்ளைய என்னத்தப் பண்ணிப்போட்டீங்க?"

அப்பாவுக்குப் புரியவே இல்லை. கையில் பிரஷ்ஷோடு நின்றார். "சும்மா உட்டாத் துரு ஏறிப்போகுமல்ல கண்ணு? அதான் காலையில எந்திரிச்சு ரெண்டு கோட் அடிச்சுப்போட்டேன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் நான் இல்லை.

டீச்சர் அதைக் கண்டதும் குனிந்து ஒரு சுருளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, பெயிண்ட் கூடாது என்று சொல்லியிருந்தேனே என்றார். "நான் அடிக்கலைங்க மிஸ், எங்கப்பா அடிச்சுப்போட்டாருங்க" என்று அழுதேன். விதி விதிதான். பனியன் கம்பெனி வெட்டுத் துணியில் முகம் செய்தவளுக்கு நடு மேடை கிடைத்தது. எனக்கு அறைக் கோடியில், தூண் மறைவில் ஒரு ஸ்டூல். வெளிச்சம் போதவில்லை என்று மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார்கள். அங்கேதான் வினை பிடித்தது.

தூணுக்குப் பின்னால் இருட்டு, மேலே மஞ்சள் விளக்கு, கீழே விரித்த தலை, சிவந்த கண். முதலில் வந்த ஒரு தகப்பனார் எட்டிப் பார்த்தார், சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எந்த ஊர் அம்மனுங்க இது?" என்று என்னையே கேட்டார். நானுங்க என்று எப்படிச் சொல்வது? அடுத்து வந்த ஓர் அம்மா தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி வைத்தார். அப்புறம் யாரோ செம்பருத்தி வைத்தார்கள், யாரோ நெற்றியில் குங்குமம் இட்டார்கள். 'நான்' என்று எழுதிய அட்டை பூவுக்கு அடியில் போய்விட்டது. நடு மேடையை விட்டுவிட்டுக் கூட்டம் என் மூலைக்கு வந்தது. அந்த நெரிசலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற அப்பா, பக்கத்தில் இருந்தவரிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரெண்டு கோட்டுங்க. பத்து வருசத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

டீச்சர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. இதை நுழைவாயிலில் மாட்டினால் நாளைக்கே உண்டியல் வைத்துவிடுவார்கள் என்றார். துணி முகம்தான் வாசலுக்குப் போனது. என் முகத்தை அப்பா மடியில் வைத்துக்கொண்டு, சித்தப்பா வண்டி ஓட்ட, வீட்டுக்குக் கொண்டுவந்தார். லேத்துக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டினார். நான் ஒரு மாதம் பட்டறைப் பக்கமே போகவில்லை.

போன விடுமுறைக்கு வந்தபோது, கல்லூரியில் செய்த இரும்புச் சிற்பம் ஒன்றை எடுத்து வந்திருந்தேன். அப்பா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டே வந்தார். "வேண்டாங்கப்பா, துருப் பிடிக்கிறதுதான் இதுல விசயமே" என்றேன். படிப்பு அப்படி என்றால் சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார். பாவமாக இருந்தது. அவர் மனம் குளிரட்டும் என்று, இடப்பக்கம் கிடந்த பம்பு ஒன்றை இழுத்து, அதற்கு நானே ரெட் ஆக்சைடு அடிக்கத் தொடங்கினேன்.

அப்பா என் கையைப் பிடித்தார். "அதுக்கு வேண்டாங்கண்ணு. அது தேறாதது. உருக்கறதுக்குத் திரும்பிப் போயிரும்."

"அப்ப எதுக்குத்தான் அடிப்பீங்க?"

"தேறுனதுக்கு மட்டுந்தான். நல்லா வந்திருக்குது, ஊட்டை உட்டு வெளிய அனுப்பலாம்னு தெரிஞ்சாத்தான் கோட் அடிக்கறது."

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். சுவரில் அந்தச் சிவந்த தலைமுடி ஒரு பொட்டுத் துரு இல்லாமல் பறந்துகொண்டிருந்தது. ஓவிய டீச்சர் அதற்கு என்ன மார்க் போட்டார் என்பது எனக்கு மறந்தே போயிற்று. அதற்கு முன்பே, விடிகாலையிலேயே, அப்பா மார்க் போட்டுவிட்டார் என்பது மட்டும் பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.