மூன்றடிக்குக் கீழே யாரும் இல்லை

திருவண்ணாமலைக்கு இதற்கு முன் பத்து முறை போயிருக்கிறேன். ஏழு முறை கிரிவலம், மூன்று முறை வேலை. பதினோராவது பயணம் இரண்டிலும் சேராது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, பௌர்ணமி முடிந்து ஒன்பதாம் நாள், நான் போட்ட ஒரு கையெழுத்தைச் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கப் போனேன். கிரிவலக் குறிப்புகளை எதிர்பார்த்து வந்தவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பிழைப்பு என்னவென்று இந்த வலைப்பதிவில் சொன்னதே இல்லை. பூட்டி வைக்க வேண்டிய இடங்களில் கேமரா பொருத்துகிறேன். சாதாரணக் கேமரா இல்லை. கூரையில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி, தரை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சப் புள்ளிகளை வலை போல இறைக்கும். யாராவது உள்ளே வந்தால் புள்ளிகள் அவர்மேல் ஏறி இடம் மாறும். எவ்வளவு மாறியது என்று பார்த்து, வந்தவரின் உயரத்தைக் கேமரா கணக்குப் போடும். உடனே அபாயச் சங்கு ஊதும், படம் பிடிக்கும். ஊதாதவரை படமும் பிடிக்காது.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் உள்ள தனியார் தியான விடுதிக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. விருந்தினர்கள் பை, பாஸ்போர்ட், லேப்டாப் எல்லாம் வைக்க அங்கே ஓர் அறை உண்டு. கதவு கிடையாது. கதவு வைத்தால் அமைதி கெட்டுவிடுமாம், எந்நேரமும் படமெடுக்கும் கேமரா வைத்தால் தியானம் கெட்டுவிடுமாம். வெளிச்சமே கதவு என்று மேலாளர் சொன்னபோது நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

பொருத்திய மூன்று நாளும் ஏணியைப் பிடித்தவர் அங்கே காவலாளியாக இருந்த ஏழுமலை. ஐம்பது வயதிருக்கும். கேட்காமலேயே டீ வாங்கி வருவார். வலையை அணைக்கும் ரிமோட் ஒன்று அவரிடம் இருந்தது. விருந்தினர்கள் பை வைக்கவும் எடுக்கவும் வரும் காலையிலும் மாலையிலும் அணைத்துவிட்டுக் கூடவே நிற்பார். இன்னொரு ரிமோட் மேலாளரிடம்.

ஒருநாள் ஒரு விருந்தினரின் லேப்டாப் காணாமல் போனது. அறிக்கை கேட்டார்கள். சென்னையில் என் மேசையில் உட்கார்ந்தபடி பத்து நிமிடத்தில் பதிவைப் பார்த்து, “காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை அறைக்குள் மனிதர் எவரும் நுழையவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படியானால் வலை அணைந்திருந்த நேரத்தில்தான் போயிருக்க வேண்டும், ரிமோட் வைத்திருந்தவன்தான் எடுத்திருக்க வேண்டும் என்று விடுதியில் முடிவு கட்டினார்கள். அன்று மாலையே விருந்தினர்கள் பார்க்க ஏழுமலையின் சாப்பாட்டுப் பையைத் தரையில் கொட்டிப் பார்த்துவிட்டு அவரை வெளியே அனுப்பினார்கள். பையில் ஒன்றும் இல்லை. மேலாளரின் பையை யாரும் கொட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து ஏழுமலை போன் செய்தார்.

“சார், அந்த மெசின் தப்பா சொல்லுதுங்க.”

“மெசின் தப்பா சொல்லாதுங்க. மனுசங்கதான் சொல்லுவாங்க.”

“சரிங்க சார்” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த “சரிங்க சார்” பத்து நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்குப் பேருந்து, 175 ரூபாய். திண்டிவனம், செஞ்சி வழி. திண்டிவனத்துக்கு முன்னால் ஓட்டுநருக்கு மட்டும் இலவசமாகச் சாப்பாடு போடும் ஓர் உணவகத்தில் நிறுத்தினார்கள். டீ இருபது ரூபாய், வெந்நீருக்குச் சாயம் பூசிய மாதிரி இருந்தது. தயவுசெய்து ஃபிளாஸ்க் கொண்டு போங்கள். செஞ்சி தாண்டியதும் மலை தெரிந்தது. மற்ற நாளில் கன்னத்தில் போட்டுக்கொள்வேன், அன்று கை எழவில்லை. 10.05க்கு இறங்கினேன்.

அடி அண்ணாமலைக்கு ஆட்டோ, சுமார் எட்டு கிலோமீட்டர். 250 கேட்டார், 200க்கு வந்தார்.

“அங்க யாரைப் பாக்கணும் சார்?” என்றார் ஓட்டுநர்.

“ஏழுமலைனு ஒருத்தர். தியான விடுதியில வாட்ச்மேனா இருந்தார்.”

“ஓ, லேப்டாப் ஏழுமலையா?” என்று சிரித்தார். “நல்ல மனுசன்தான் சார். இன்னா பண்றது, மெசின்ல மாட்டிக்கினான். மெசின் பொய்யா சொல்லும்?”

நான் சொன்ன வார்த்தை என்னைவிட முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஏழுமலை என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி வாசலிலேயே நின்று, “இவருதான் கையெழுத்து போட்டவரா?” என்று கேட்டார். தண்ணீர் தரவில்லை. எனக்கும் கேட்க வாயில்லை.

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்க ரோட்டோரம் ஜனங்களோட செருப்பு, பை எல்லாம் வாங்கி வச்சி பாத்துப்பேன் சார். பத்து வருசமா,” என்றார் ஏழுமலை. “இந்த வாட்டி ஒருத்தர்கூட வைக்கல. பக்கத்துக் கடைக்காரனே, அங்க வைக்காதீங்கனு சொல்லி அனுப்பறான்.”

“வேலையைத் திரும்ப வாங்கித் தரப் பார்க்கறேன்.”

“வேல வேணாங்க. அந்த விடுதிலேர்ந்து யாராச்சும் வந்து, இவன் எடுக்கலனு எங்க தெருவுல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா போதும்.”

அதற்கு ஒரு வழி பார்த்து வருகிறேன் என்று கிளம்பினேன். 150 ரூபாய் ஆட்டோ. 11.40க்கு விடுதியில் இருந்தேன். மேலாளர் குரலை உயர்த்தவே மாட்டார். பூனை நடக்கிற மாதிரி பேசுவார். சோதித்துப் பார்க்கத் தாராளமாக அனுமதி கொடுத்தார். வலையைப் போட்டுவிட்டு ஆறு முறை உள்ளே நடந்தேன். வாசலில், மூலையில், சுவரை ஒட்டி. ஆறு முறையும் சங்கு ஊதியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கையெழுத்து சரிதான், ஏழுமலைதான் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

12.15க்குச் செல்வி வந்தார். தரை துடைப்பவர். நடைக்கூடத்தின் அந்தக் கோடியில் குந்தி உட்கார்ந்து, வாளியை முன்னால் தள்ளித் தள்ளி, ஈரத் துணியால் அரைவட்டமாகத் துடைத்துக்கொண்டே வந்தார். எழுந்திருக்கவே இல்லை. அப்படியே அறைக்குள் நுழைந்தார். அலமாரிகளை ஒட்டி ஒரு சுற்று சுற்றி, அப்படியே வெளியே வந்தார்.

சங்கு ஊதவில்லை.

“ஏம்மா, தினமும் இப்படியேதான் உள்ள போவீங்களா?” என்றேன்.

“ஆமாங்க. எழுந்து எழுந்து உக்காந்தா முட்டி போயிடும். ஒரு வாட்டி உக்காந்தா முடிச்சிட்டுதான் எழுந்திருப்பேன்.”

“அப்ப வலையை அணைக்க மாட்டாங்களா?”

“காலைல நின்னு பெருக்கறப்ப ஏழுமலை அண்ணன் அமுத்திடுவாரு. தொடைக்கறப்ப தேவையில்லீங்க. அது என்னைப் பாத்து என்னிக்குமே கத்தனதில்ல. நம்மள அதுக்குத் தெரிஞ்சிப் போச்சு போலனு நான்கூட நெனச்சிப்பேன்.”

விஷயம் இதுதான். பொருத்தி முடித்த மறுநாளே ஜன்னல் வழியாகக் குரங்கு வந்து பதினொரு முறை சங்கு ஊதியது. தியானம் போச்சு என்று மேலாளர் போன் செய்தார். ஒன்றரை அடியாக இருந்த அளவை, சென்னையில் இருந்தபடியே மூன்றடி ஆக்கினேன். மூன்றடிக்குக் கீழே வருவது எதையும் கண்டுகொள்ளாதே. ஐந்து நிமிட வேலை. குரங்கு, நாய், பூனை எல்லாம் அதில் போய்விடும் என்று நினைத்தேன். செல்வியும் போவார் என்று தோன்றவே இல்லை. இத்தனைக்கும் என் வீட்டிலும் ஓர் அக்கா தினமும் குந்தியபடிதான் துடைத்துக்கொண்டு வருகிறார். அவர் வரும்போது நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறேன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். இயந்திரத்துக்கு மனிதர் என்றால் யார் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தானே! எனக்குத் தெரிந்ததுதானே அதற்கும் தெரியும்?

“அப்ப நீதானா?” என்றார் மேலாளர், செல்வியைப் பார்த்து, அதே மெல்லிய குரலில்.

“ஐயோ, சாமி சத்தியமா இல்லீங்க,” என்றார் செல்வி. கையிலிருந்த துணியிலிருந்து துடைத்த தரையிலேயே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“சார், அவங்களைச் சொல்லல! மூணடிக்குக் கீழ யார் போனாலும் தெரியாது, அதைத்தான் சொல்றேன்,” என்று கத்தியேவிட்டேன். அவர் நம்பவில்லை. அதனால் நானே குந்தினேன். நாற்பத்தேழு வயது, தொப்பை வேறு. மூச்சு வாங்க அறைக்குள் போய்த் திரும்பினேன். சங்கு ஊதவில்லை.

“நீங்க குந்துவீங்க சார். எங்க கெஸ்டுங்க குந்துவாங்களா?”

பக்கத்துக் கூடத்தில் அவருடைய கெஸ்டுகள் காலைத் தூக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுட்டிக்காட்டினேன். எதுவாக இருந்தாலும் எழுத்தில் வேண்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பிரதி எழுதினேன்: அளவு வைத்தது என் தவறு, பழைய அறிக்கை செல்லாது, அதை வைத்து ஏழுமலை மீது குற்றம் சொல்ல முடியாது. சான்று இல்லாமல் எழுதினால் என் தொழிலில் மதிப்பில்லை. அதனால், “தினமும் தரை துடைக்கும் ஊழியர் உள்ளே சென்று வந்ததைக்கூட இக்கருவி காணவில்லை” என்றும் சேர்த்தேன். கையெழுத்துப் போட்டு ஒன்றை மேலாளரிடம் கொடுத்தேன். ஏழுமலையின் தெருவுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன். “பழைய விஷயம் சார். புது ஆள் வந்துட்டான். விடுங்க,” என்றார்.

அவர் வராவிட்டால் போகிறது, கையில் தாள் இருக்கிறதே என்று இருந்தது எனக்கு. செங்கம் சாலையில் 120 ரூபாய்க்குச் சாப்பாடு. சாம்பார் நன்றாக இருந்தது, இரண்டு முறை வாங்கினேன்.

2.45க்கு மறுபடி அடி அண்ணாமலை. இந்த முறை அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். ஏழுமலை தாளை இரண்டு முறை படித்தார்.

“அங்க தரை தொடைக்கறவங்க எத்தினி பேர் சார்?”

அவரே பதிலும் சொன்னார்.

“ஒருத்திதான். இப்பதான் போன் பண்ணா. நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டாங்களாம். அவ பையையும் கொட்டிப் பாத்தாங்களாம்.”

“நான் அவங்க பேரைப் போடலியே.”

“பேர் எதுக்கு?”

“தெருவுல படிச்சிக் காட்டுய்யா,” என்றார் அவர் மனைவி. “அவளைப் பாத்தா நம்ம பொழப்பு இன்னாவறது?”

“இதப் படிச்சா என் பேரு போயி அவ பேரு நிக்கும். அவளுக்கும் இதே ஊருதான்.” தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தார். “மொத கையெழுத்துல நான் வெளிய வந்தேன். ரெண்டாவதுல அவ வந்துட்டா. மூணாவது ஒண்ணு போட்டுடாதீங்க சார்.”

அவர் மனைவி உள்ளே போய்விட்டார். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். ஏழுமலை என்னைச் சாலைவரை கொண்டுவந்து விட்டார்.

4.15 பேருந்தில் மேலாளருக்கு போன் செய்தேன். “நாங்க யாரையும் குத்தம் சொல்லல சார். ஆளை மாத்திக்கிட்டோம், அவ்ளோதான்,” என்றார். இரவு எட்டரைக்குக் கிளாம்பாக்கம் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அளவை ஓரடிக்கு இறக்கினேன். ஞாயிறு முழுக்கக் குரங்குகள் சங்கை ஊதின. திங்கள் காலை மேலாளர் எங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தார், பதினொரு மணிக்கு அது மறுபடி மூன்றடி ஆனது. ஆக்கியது நான் இல்லை, பக்கத்து மேசைக்காரர். நான் முடியாது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அவ்வளவுதான் என் வீரம். லேப்டாப் இன்றுவரை கிடைக்கவில்லை.

இனி உங்களுக்கான குறிப்புகள். கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் நான்கரை மணி நேரம். பௌர்ணமி தவிர்த்த நாளில் காலை ஐந்துக்குத் தொடங்கினால் தார் சுடுவதற்குள் முடித்துவிடலாம். ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள். தங்கும் இடத்தில் வெளிச்ச வலை இருக்கிறது, ஈ எறும்பு நுழையாது என்று யாராவது சொன்னால், அங்கே தரையைத் துடைப்பது யார் என்று மட்டும் கேளுங்கள். செல்வி என்பது அவருடைய பெயர் இல்லை. இது மூன்றாவது கையெழுத்தாகிவிடக் கூடாது என்று மாற்றியிருக்கிறேன். ஏழுமலையின் பெயரை அவரைக் கேட்டுவிட்டுத்தான் அப்படியே வைத்தேன்.

பௌர்ணமிக்குப் போகிறவர்கள் பையையும் செருப்பையும் வைக்க அடி அண்ணாமலையில் ஏழுமலை கடை என்று கேளுங்கள். யாராவது, “லேப்டாப் ஏழுமலையா?” என்று சிரிப்பார்கள். ஆமாம், அவரேதான் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அங்கேயே வையுங்கள்.